பட்டு விற்க வந்த ககான்

ஒரு வாசகர் கேட்டது:

“புல்வெளி நாடோடிகளுக்கு ராஜதந்திரம் என்ற பெரிய வார்த்தை எதற்கு? துருக்கியக் ககான்கள் குதிரையில் வந்தார்கள், கொள்ளையடித்தார்கள், பட்டையும் இளவரசியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ராஜதந்திரம் செய்தவை சீனாவும் பாரசீகமும் ரோமும். இவர்கள் அந்த ஆட்டத்தில் வெறும் காய்கள். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.”

ஜூன் 3, இரவு

வந்துவிட்டேன். ககான் என்றால் புல்வெளிப் பேரரசர். துருக்கியர் என்று இங்கே சொல்வது இன்றைய துருக்கி நாட்டாரை அல்ல, மத்திய ஆசியப் புல்வெளியை ஆண்டவர்களை. 568-ஆம் ஆண்டு போதுமா?

கான்ஸ்டான்டிநோபிளில் ரோமப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினின் அவைக்கு ஒரு தூதுக்குழு வருகிறது. அனுப்பியவர் இஸ்தமி. துருக்கிய அரசின் மேற்குப் பாதி அவர் கையில். கிரேக்கர்கள் அவர் பெயரை ஸிஸாபுல் என்று எழுதிவைத்தார்கள். குழுத்தலைவர் மனியாக் துருக்கியரே அல்ல, சோக்தியர். சமர்கண்ட், புகாரா பக்கத்து வியாபாரக் கூட்டம் அது. கையில் பட்டு அன்பளிப்பு, “சித்திய எழுத்தில்” ஒரு கடிதம்.

ஜஸ்டின் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போகிறார். உங்கள் அரசில் எத்தனை பிரிவு? நான்கு, ஆனால் அதிகாரம் ஸிஸாபுல் ஒருவருக்கே. பாரசீகத்துக்குக் கிழக்கே ஆண்ட ஹெஃப்தலைட்டுகளை அடக்கிவிட்டீர்களா? முழுக்க. அவர்கள் கிராமங்களில் இருந்தார்களா, நகரங்களிலா? நகரங்களில். அப்படியானால் அந்த நகரங்கள் இப்போது உங்களுடையவையா? ஆமாம். உங்களிடமிருந்து தப்பி ஓடிய அவார்கள் என்ற கூட்டத்தார் எத்தனை பேர்? இருபதாயிரம் இருக்கும்.

துருக்கியர் கொண்டுவந்த யோசனை இரண்டு. பாரசீகத்தை ஒதுக்கிவிட்டுப் பட்டு வியாபாரத்தை நேரடியாக நடத்துவோம். பாரசீகத்தை இரண்டு பக்கமிருந்தும் அடிப்போம். யோசனை இவர்களுடையது, வழி தேடியது இவர்கள், வந்து நின்றதும் இவர்கள். காய் தானாக இப்படி நகருமா?

ஜூன் 3, படுக்கப் போகுமுன்

முன்கதையைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது பாதிதான்.

இதே இஸ்தமியும் பாரசீகத்தின் குஸ்ரோ அனுஷிர்வானும் 560 வாக்கில் சேர்ந்துகொண்டு ஹெஃப்தலைட்டுகளை நொறுக்கியவர்கள். நாட்டையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதன்பின் சோக்தியர்கள் இஸ்தமியிடம் போய், பாரசீகத்தில் பட்டு விற்க அனுமதி வாங்கித் தாருங்கள் என்றார்கள். மனியாக் தலைமையில் குழு போனது. குஸ்ரோ இழுத்தடித்தார். கடைசியில் கொண்டுவந்த பட்டு முழுவதையும் நியாயமான விலை கொடுத்து வாங்கி, அவர்கள் கண்ணெதிரே தீ வைத்துக் கொளுத்தினார்.

நான் இருபது வருடம் துணி ஏற்றுமதியில் இடைத்தரகு பார்த்தவன். அசல் பட்டா என்று பார்க்க ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவோம். முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். ஒரு நூலுக்கே அந்த நாற்றம். ஒரு வியாபாரக்குழு சுமந்து வந்த பட்டு மொத்தமும் எரிந்தால் அந்த இடம் எப்படி இருந்திருக்கும்! இதை வாசித்த அன்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஆணவம் பிடித்த ராஜா, வேறென்ன.

ஜூன் 5

“இரண்டாவது குழுவும் போனதே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். மறைக்கவில்லை ஐயா, தூக்கம் வந்துவிட்டது. இரண்டாவது குழுவில் பெரும்பாலோர் பாரசீகத்திலேயே செத்தார்கள். எங்கள் ஊர் வறட்சி பனியில் வாழ்ந்தவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றது பாரசீகத் தரப்பு. விஷம் என்று இஸ்தமிக்குப் புரிந்துவிட்டது. அதன்பின்தான் மனியாக், ரோமர்களிடம் போவோம், அவர்கள்தான் பட்டு அதிகம் உடுத்துகிறவர்கள் என்று யோசனை சொல்கிறார். 568-க்கு இப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

ஜூன் 5, மாலை

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, “அது மேற்கே. கிழக்கே சீனா தூக்கிவிட்டுத்தானே இவர்கள் எழுந்தார்கள்?” என்கிறார். பாதி சரி.

545-இல் வட சீனாவின் மேற்கு வெய் அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த யூவென் தாய் துருக்கியருக்கு முதல் தூதரை அனுப்பினார். அந்தத் தூதரும் ஒரு சோக்தியர்தான். பெரிய நாட்டிலிருந்து தூது வந்திருக்கிறது, இனி நமக்கு நல்ல காலம் என்று துருக்கியர் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள் என்று சீன ஏடு சொல்கிறது. தூக்கிவிட்டார்கள் என்பது இந்த அளவுக்கு உண்மை.

ஆனால் அப்போது இவர்கள், புல்வெளியை ஆண்ட ரூரான்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். அல்தாய் மலையில் இரும்பு அடித்துக் கொடுப்பது இவர்கள் வேலை. துருக்கியர் தலைவர் பூமின், ரூரான்களுக்கு எதிராகக் கிளம்பிய ஒரு கலகத்தை அடக்கிக் கொடுத்துவிட்டு, அந்தத் தெம்பில் ரூரான் அரசர் ஆனாகுய்யின் வீட்டில் பெண் கேட்டார். “நீ என் கொல்லுப்பட்டறை அடிமை, உனக்கு இந்த வாயா?” என்ற மாதிரி பதில் வந்தது. பூமின் அந்தப் பதிலைக் கொண்டுவந்த தூதரைக் கொன்றார், ரூரான் உறவை முறித்தார், நேரே மேற்கு வெய்யிடம் பெண் கேட்டார். 551-இல் சாங்லெ இளவரசி வந்தார். 552-இல் ரூரான் படை தோற்றது, ஆனாகுய் தற்கொலை செய்துகொண்டார். பூமின் ககான் ஆனார்.

யார் யாரைப் பயன்படுத்தினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். யூவென் தாய்க்கு வடக்கே ஒரு கூட்டாளி வேண்டும். பூமினுக்கு எஜமானைத் தாண்டி ஒரு சம்பந்தம் வேண்டும். பூமின் ரூரான் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனதே மறுக்கட்டும் என்றுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம்தான்.

ஜூன் 6

சின்னதாக ஒன்று. 569-இல் ஜஸ்டின் பதில் தூது அனுப்பினார், கிழக்குப் படைகளின் தளபதி ஸெமார்கஸ் தலைமையில். சோக்தியர் நாட்டில் குதிரையை விட்டு இறங்கியதும் சில துருக்கியர் வந்து இரும்பு வேண்டுமா என்று விலைக்கு நீட்டினார்களாம். எங்களிடம் இரும்பு இருக்கிறது என்று காட்டத்தான் என்கிறது கிரேக்கக் குறிப்பு. கொல்லுப்பட்டறை அடிமை என்ற வசவு விழுந்து சுமார் இருபது வருடம். மேலே உள்ள கதையோடு சேர்த்து வாசித்தால் சிரிப்பு வருகிறது.

ஜூன் 6, பின்னிரவு

ஸெமார்கஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முதலில் சாம்பிராணி புகைத்து, மணியும் முரசும் அடித்து, நெருப்பைத் தாண்டவைத்து அவருக்குத் திருஷ்டி கழித்தார்கள். பிறகு பொன்மலை என்ற இடத்தில் ககானின் கூடாரங்கள். முதல் நாள் இரண்டு சக்கரம் வைத்த பொன் ஆசனம், வேண்டுமானால் குதிரை பூட்டி இழுத்துக்கொள்ளலாம். இன்னொரு கூடாரத்தில் நான்கு பொன் மயில்கள் தாங்கும் படுக்கை. சுவரெல்லாம் பட்டு. குடிக்க மது, ஆனால் திராட்சை மது அல்ல.

அதைவிட ருசியானது தலாஸ் என்ற இடத்தில் நடந்த விருந்து. பாரசீகத் தூதரும் அங்கே வந்திருக்கிறார். ககான் இருவரையும் ஒரே பந்திக்கு அழைத்து, ரோமருக்கு உயர்ந்த இடம் கொடுத்து, பாரசீகரை எல்லோர் முன்னாலும் குற்றம் சொல்லி வறுத்தெடுத்தார். விருந்தில் பேசக்கூடாது என்ற வழக்கத்தையும் மீறி பாரசீகத் தூதர் எதிர்த்துக் கத்தினார். கல்யாண வீட்டில் யாரை முதல் பந்தியில் உட்காரவைப்பது என்று கணக்குப் போடும் பெரியப்பாக்களைப் பார்த்த நமக்கு இது புதிதா என்ன.

ஜூன் 9

“இளவரசியை வாங்கினார்கள்” என்பதற்கு வருகிறேன். கொடுக்கவும் செய்தார்கள். இஸ்தமியின் மகளை குஸ்ரோ மணந்ததாகப் பாரசீக, அரபு வரலாறுகள் சொல்கின்றன. கிழக்கே மூகான் ககானின் மகளுக்காக இரண்டு சீன அரசுகள் அடித்துக்கொண்டன: வட சௌ ஒன்று, வட ச்சீ இன்னொன்று (பெயரே அதுதான், நான் என்ன செய்ய). மூகான் முதலில் சௌவுக்குச் சொன்னார். ச்சீ அதிகம் தருவதாகச் சொன்னதும் மனம் ஆடியது. பெண் அழைக்க 565-இல் வந்த சௌ தூதுக்குழுவைத் திருப்பி அனுப்பாமல், பெண்ணையும் கொடுக்காமல், வருடக்கணக்கில் உட்காரவைத்தார். ஒரு நாள் இடியும் புயலும் அடித்துக் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. வானம் கோபித்துக்கொண்டது என்று பயந்துதான் பெண்ணை அனுப்பினார் என்று சௌ ஏடு எழுதுகிறது. அனுப்பிய வருடம் 568.

மேலே போய் வருடத்தைப் பாருங்கள். கிழக்குக் கூடாரத்திலிருந்து பெண் சீனாவுக்குப் போன அதே வருடம், மேற்குக் கூடாரத்தின் தூதர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் நிற்கிறார்கள். இதை எழுதத் தொடங்கும்வரை எனக்கே இது உறைக்கவில்லை.

ஜூன் 10

நேற்று தூங்கவில்லை. அந்த வருடப் பொருத்தம் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது சொல்லப்போவது என் ஊகம், அடிக்க வராதீர்கள்.

மூகான் காலம் முதல் வட சௌ ஆண்டுக்கு 1,00,000 துண்டு பட்டு துருக்கியருக்குக் கொடுத்தது. விட்டால் எதிரி பக்கம் போய்விடுவார்களே என்று ச்சீயும் கஜானாவைத் திறந்தது. சௌ தலைநகர் சாங்ஆனில் பட்டுடுத்திக் கறி தின்றபடி இருந்த துருக்கியர் மட்டும் ஆயிரக்கணக்கில். மூகானுக்கு அடுத்து வந்த தஸ்பர் சொன்னது ஏட்டில் இருக்கிறது: “தெற்கே என் இரண்டு பிள்ளைகளும் அடக்கமாக நடக்கிறவரை எனக்கென்ன பஞ்சம்?” பிள்ளைகள் என்றது இரண்டு சீனப் பேரரசர்களை!

லட்சம் துண்டு பட்டை ஆடு மேய்க்கிறவர்கள் எத்தனை வருடம் உடுத்துவார்கள்? எங்கள் தொழிலில் கோடவுனில் தேங்கிய சரக்கு என்றால் வயிற்றைக் கலக்கும். கிழக்கே கொட்டிய பட்டுக்கு மேற்கே சந்தை வேண்டும். பாரசீகம் கதவைச் சாத்தியதும் ரோம். சோக்தியர் இல்லாமல் இது நடக்காது. சரக்கு எங்கே நிற்கிறது, யாருக்கு வேண்டும், எந்த வழியில் போகும் என்பதெல்லாம் அவர்கள் நுனிவிரலில். இஸ்தமியின் தூதுப்பை உண்மையில் மனியாக்கின் பேரேடு.

ஜூன் 11

ஜூன் 3 அன்று குஸ்ரோவை ஆணவக்காரர் என்றேன். வாபஸ்.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் முழுப் பணமும் கொடுத்துச் சரக்கை எடுத்தார், கடைக்கே அனுப்பவில்லை. குடோனில் மக்கவிட்டார். பைத்தியமா என்று நினைத்தோம். நாங்கள் அவர் ஊரில் நேரடியாக ஆள் பிடிக்கப் பார்ப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. பறித்திருந்தால் வழக்குப் போட்டிருப்போம். விலை கொடுத்துவிட்டாரே, என்ன செய்ய முடியும்?

குஸ்ரோவும் பறிக்கவில்லை. பறித்தால் சண்டைக்குக் காரணம் கிடைத்துவிடும். அவர் மறுத்தது பட்டை அல்ல, சோக்தியர் தன் நாட்டுக்குள் இஷ்டப்படி சுற்றுவதை. சுற்றுகிற வியாபாரி எல்லைக்காவல், குதிரை, வழி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போவான். பட்டைக் கொளுத்தும் யோசனையைக் கொடுத்தவர் காத்துல்ஃப் என்ற ஹெஃப்தலைட்டு, துருக்கியரால் நாட்டை இழந்த கூட்டத்தின் ஆள். துருக்கியரை அவருக்குத் தெரியும்.

ஜூன் 11, மாலை

அதே மூச்சில் இன்னொரு திருத்தம். ரோமுக்குப் பட்டு வேண்டும் என்றுதானே மனியாக் கணக்குப் போட்டார்? ஜஸ்டினுக்கு முந்தைய பேரரசர் ஜஸ்டினியன் காலத்திலேயே, 552 வாக்கில், துறவிகள் பட்டுப்புழு முட்டையைக் கடத்திக்கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். துருக்கியத் தூதர்களுக்கு ஜஸ்டின் பட்டுப்புழு வளர்ப்பையும் நூல் எடுப்பதையும் காட்டினார், அவர்கள் அசந்துபோனார்கள் என்று ஒரு கிரேக்கக் குறிப்பு இருக்கிறது. உங்கள் சரக்கு எங்களுக்கு உயிர்நாடி இல்லை என்று விலை பேசுமுன் சொல்லிவிடுவது. நல்ல வாங்குபவர்.

அப்படியானால் ஜஸ்டின் எதை வாங்கினார்? பாரசீகத்தின் முதுகுப்பக்கம் ஒரு படையை. 572-இல் அவர் பாரசீகத்தோடு போரில் இறங்கியதற்கு இந்தத் தெம்பும் ஒரு காரணம். மேசைமேல் பட்டு, மேசைக்குக் கீழே குதிரைப்படை.

ஜூன் 12

“துலுக்கச் சாமந்தி”ப் பூ இந்தத் துருக்கியர் வழி வந்ததா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, அதற்கும் இஸ்தமிக்கும் சம்பந்தம் இல்லை. துருக் என்ற சொல் பல கை மாறி நம்மிடம் துருக்கர், துலுக்கர் என்று வந்தது உண்மை. பூ வந்ததோ அமெரிக்காவிலிருந்து. இதோடு இந்தக் கிளையை வெட்டுகிறேன்.

ஜூன் 14

576. கூட்டணி முறிந்த கதை.

ரோமத் தூதர் வாலண்டைன், இஸ்தமியின் மகன் துர்க்ஸாந்தஸிடம் போகிறார். தகப்பன் செத்துச் சில நாள்தான் ஆகியிருக்கிறது. வாலண்டைன் வழக்கமான நட்புப் பேச்சை எடுத்ததும் துர்க்ஸாந்தஸ் பத்து விரலையும் வாயில் வைத்துக்கொண்டு, “பத்து நாக்கும் ஒரே வஞ்சகமும் உள்ள ரோமர்கள் நீங்கள்தானே?” என்கிறார். என் வாயில் இப்போது பத்து விரல் இருப்பதுபோல உங்களுக்கு நாக்குகள், ஒன்று எனக்கு, ஒன்று என்னிடமிருந்து ஓடிப்போன அடிமைகளான அவார்களுக்கு. நாம் இரட்டை நாக்கோடு நிறுத்திக்கொள்கிறோம், அவர் பத்து வரை போய்விட்டார்.

குற்றச்சாட்டு பொய்யல்ல. ரோம் அவார்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. துருக்கியர் பார்வையில் அவார்கள் அரசே கிடையாது, தப்பியோடிய சொத்து. அவர்களை அரசாக மதித்து உட்காரவைத்துப் பேசியதே துரோகம். 568-இல் ஜஸ்டின் முதல் சந்திப்பிலேயே அவார்களின் எண்ணிக்கையை விசாரித்தது நினைவிருக்கிறதா? இருபதாயிரம் என்று கேட்டுவைத்துக்கொண்டவர்கள் பிறகு அவர்களோடு பேரம் பேசினார்கள்.

அதன்பின் தூதர்களையே கத்தியால் முகத்தைக் கீறிக்கொண்டு துக்கம் காக்கவைத்தார் துர்க்ஸாந்தஸ். அவர்களும் கீறிக்கொண்டார்கள். அதே வருடம் கருங்கடல் வடகரையில் ரோமர் வசமிருந்த போஸ்போரஸ் நகரத்தைத் துருக்கியப் படை முற்றுகையிட்டது.

ஜூன் 15

இரவு எழுதியதில் ஒரு ஓட்டை. விரல் கதையைச் சொல்பவர் மெனாண்டர், கான்ஸ்டான்டிநோபிள்காரர். கூடாரத்தில் இருந்தவர் அல்லர். பேச்சுகளை அழகாக அமைப்பது அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தின் வழக்கம். எனவே ஒவ்வொரு சொல்லையும் துர்க்ஸாந்தஸ் வாயில் திணிக்காதீர்கள். ஆனால் தன் பேரரசைப் பொய்யன் என்று ஒரு அந்நியன் திட்டியதை ரோமரே அலங்கரித்து எழுதிவைத்திருக்கிறார் பாருங்கள். உள்ளே எங்கோ குத்தியிருக்கிறது.

ஜூன் 20

துருக்கியர் தாங்களே எழுதிய எதுவும் இல்லையா என்று கேட்டவருக்கு: இருக்கிறது, மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றுப் பக்கம். 731-இல் செத்த குல் தெகினுக்கு அவர் அண்ணன் பில்கே ககான் 732-இல் நிறுத்திய கல். எழுத்தின் பூட்டை 1893-இல் திறந்தவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன்.

பூமின், இஸ்தமி துக்கத்துக்கு வந்தவர்கள் பட்டியல் அதில் இருக்கிறது: சீனா, திபெத், அவார், கிர்கிஸ், கிதான்... நடுவே “புரும்”. ரோம்தான். நூற்றைம்பது வருடம் கழித்தும் ரோமிலிருந்து ஆள் வந்தது அவர்களுக்கு மறக்கவில்லை. முகம் கீறிக்கொண்ட வாலண்டைனும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கிறாரோ என்னவோ.

அதே கல்லில் பில்கே சொல்கிறார்: சீனரின் சொல் இனிப்பு, பட்டு மென்மை. இனிய சொல்லாலும் மென்பட்டாலும் தொலைவில் உள்ளவர்களை அருகே இழுப்பார்கள். அருகே குடியேறிய பிறகுதான் கெட்ட எண்ணம் வெளியே வரும். அதை நம்பிப் போய்த் துருக்கிய மக்களே, எத்தனை பேர் செத்தீர்கள்!

கல்லின் இன்னொரு பக்கத்தில் இருப்பது சீனாவின் தாங் வம்சப் பேரரசர் சுவான்சோங் அனுப்பிய சீன இரங்கலுரை. உறவும் நட்பும் பாராட்டும் உரை. வேலை செய்யச் சீனத்திலிருந்தே கைவினைஞர்களை வரவழைத்தார்கள். ஒரு பக்கம் இனிய சொல், மறுபக்கம் இனிய சொல்லை நம்பாதே. ஒரே கல்!

ஜூன் 21

“சீனத் தூதர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரா?” துருக்கிய எழுத்து அவருக்குப் படிக்க வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பக்கம் வீட்டுக்குள் பேசுவது, இந்தப் பக்கம் விருந்தாளிக்கு.

ஜூன் 27

கேள்வி கேட்டவருக்குச் சாதகமாக ஒன்று, நான் ஒருதலைப்பட்சம் என்கிறாரே. பிறகு தாங் வம்சத்தைத் தொடங்கிய லி யுவான் 617-இல் துருக்கிய ககானுக்குப் பணிவான நடையில் கடிதம் எழுதிக் குதிரை வாங்கினார். 626-இல் துருக்கியரின் சியேலி ககான் தாங் தலைநகர் அருகே வெய் ஆற்றங்கரைவரை வந்துவிட, அரியணை ஏறிச் சில வாரமே ஆன லி யுவானின் மகன் தாய்சோங் ஆறு பேரோடு போய் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பேசி, பாலத்தில் வெள்ளைக் குதிரை வெட்டிச் சத்தியம் செய்து திருப்பி அனுப்பினார். அடுத்த குளிர்காலங்களில் கடும்பனி, கால்நடை செத்தது, உட்பகை. 630-இல் சியேலி சிறைப்பட்டார். 633-இல் ஒரு விருந்தில், முன்பு பணிவாகக் கடிதம் எழுதிய அதே லி யுவான், ஓய்வுபெற்ற பேரரசராக உட்கார்ந்துகொண்டு, சியேலியை ஆடச் சொன்னார். சியேலி ஆடினார்.

இதைப் படித்தால் காய்தான் என்று தோன்றும். 617-இல் யார் காய் என்பதையும் கூடவே படிக்க வேண்டும்.

ஜூலை 1

கருங்கடலுக்கு வடக்கே ஆண்ட கஸர்கள் என்ற துருக்கியக் கூட்டத்தின் கதையும் வேண்டுமாம். மூக்கறுபட்டு நாடு கடத்தப்பட்ட ரோமப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன் 704 வாக்கில் கஸர் ககானிடம் அடைக்கலம் புகுந்து, அவர் தங்கையை மணந்து, தியோடோரா என்று பெயர் வைத்தார். கான்ஸ்டான்டிநோபிள் பணம் தருகிறேன் என்றதும் மச்சானைத் தீர்த்துக்கட்ட ககான் ஆள் வைத்தார். தியோடோரா புருஷனுக்குச் சொல்லிவிட்டாள். ஜஸ்டினியன் வந்த இருவரையும் கயிற்றால் இறுக்கிக் கொன்று, படகில் தப்பி, 705-இல் அரியணையைப் பிடித்தார். மனைவியை அழைக்கக் கடற்படையே அனுப்பினார், புயலில் பல கப்பல் மூழ்கியது. ககான் சொல்லி அனுப்பினாராம்: “முட்டாளே, பெண்டாட்டியை அழைக்க இரண்டு மூன்று கப்பல் போதாதா? உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, கூட்டிப் போ.”

கொல்லப் பார்த்த மச்சான் பேசுகிற பேச்சா!

ஜூலை 4

துருக்கியருக்குப் பின் கிழக்குப் புல்வெளியை ஆண்ட உய்குர்களின் குதிரைக் கணக்கு. தளபதி ஆன் லுஷான் தாங் அரசுக்கு எதிராகச் செய்த கலகத்தில் 757-இல் தாங் அரசுக்கு இரண்டு தலைநகரங்களையும் மீட்டுக் கொடுத்த உய்குர்கள் பிறகு குதிரையை ஓட்டிவந்து பட்டு கேட்டார்கள். ஒரு குதிரைக்கு 40 சுருள். குதிரை எலும்பும் தோலும் என்று சீனர் புகார். பட்டு மட்டும் ஒழுங்கா? நெசவைத் தளர்த்தி, நீளத்தைக் குறைத்து அனுப்புகிறோம் என்று ஒரு தாங் கவிஞரே கண்டித்துப் பாடியிருக்கிறார். ஊடை இழை குறைந்த துணியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பவன் மூக்கு தெரியும். நானே பிடித்துப் பார்த்திருக்கிறேன். மட்டக் குதிரைக்கு மட்டப் பட்டு, இரண்டு பக்கமும் தெரிந்தே வருடக்கணக்கில் நடத்தினார்கள். நிறுத்தினால் குதிரைப்படை வேறு வேலைக்கு வரும் என்று ஒரு பக்கமும், பட்டு நின்றுபோகும் என்று மறுபக்கமும் பயம்.

ஜூலை 5

“கடைசியாகக் கேட்கிறேன், காய்கள் யார்?” என்று வந்திருக்கிறார், விடாக்கண்டன்.

576-இல் வாலண்டைன் கிளம்பும்போது தன் ஆட்களோடு 106 துருக்கியரையும் கூட்டிக்கொண்டு போனார். 568 முதல் பல தூதுகளில் வந்து, திரும்பாமல் கான்ஸ்டான்டிநோபிளிலேயே தங்கிவிட்டவர்கள். சிலர் எட்டு வருடம் இருந்திருக்கலாம். கிரேக்கம் கொஞ்சம் பேச வந்திருக்கும், மீன் தின்னப் பழகியிருப்பார்கள். கருங்கடலைக் கப்பலில் கடந்து, புல்வெளியில் நாட்கணக்கில் போய், ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தபோது உள்ளே கூடாரத்தில் புதுத் தலைவர் பத்து விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.